திட்டமிடத் தெரியாதவர்களா நாங்கள்?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தப் பேச்சாளர் பேசிய வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "நம்ம ஆளுங்களுக்குத் திட்டமிடத் தெரியாது. போனுக்குக் காசு இருக்கும், காப்புறுதிக்கு இருக்காது. நோய் வந்ததும் வாட்ஸ்அப்பில் வசூல்." மண்டபமே சிரித்தது. மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்து ஜனங்களை உட்கார வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு.

ஐயா, காப்புறுதி எடுக்காதவன் மட்டுமா தவிக்கிறான்? எடுத்தவனும்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து குடும்பத்துக்கு மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, கட்டுகிறேன். மாதம் 210 வெள்ளி (ரிங்கிட்) இனி 320 என்று கடிதம் வந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போய்விட்டால், மிச்சத்தில் எதைத் திட்டமிடுவது? சொல்லிக் கொடுங்கள், கற்றுக்கொள்கிறோம்.

"மத்திய வங்கி, பேங்க் நெகாராதான் தலையிட்டதே" என்பீர்கள். ஆமாம், 2024 டிசம்பரில் தலையிட்டது. பிரீமியம் உயர்வைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்துப் போடச் சொன்னது. 60 வயதோ அதற்கு மேலோ ஆகி, இருப்பதிலேயே சிறிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருஷம் நிறுத்தி வைத்தது. நல்லதுதான். ஆனால் ஏறுவது ஏறத்தான் போகிறது, தவணையில் ஏறும், அவ்வளவுதான்.

"மருத்துவச் செலவு ஏறினால் பிரீமியமும் ஏறும், இது கணக்கு." சரி, ஒத்துக்கொள்கிறேன். செலவை ஏற்றியது யார்? தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. மருந்து, ஊசி, பஞ்சு, கையுறைக்கெல்லாம் அப்படி ஒன்றும் கிடையாது. அக்காவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோது வந்த பில்லை வரி வரியாகப் படித்தேன். கையுறை, மறுபடி கையுறை, அடுத்த பக்கத்திலும் கையுறை. எங்கள் அம்மா வாழ்நாளெல்லாம் ரப்பர் பால்மரம் வெட்டியவர். மகளுக்கு வந்த பில்லில் ரப்பருக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, "நமக்கு கிலோவுக்கு எவ்வளவு குடுத்தாங்க தெரியுமா" என்று மட்டும் கேட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. தெரியும், அங்கேதான் போகிறோம், அங்குள்ள டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நிபுணரைப் பார்க்க ஈப்போவுக்குப் போகிற நாளில் வாடகை வண்டியும் இழந்த நாள் கூலியும் அந்த 5 வெள்ளியில் அடங்குமா?

தோட்டம் இருந்த காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் டிரெசரை, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளரை, பார்க்கலாம். எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரைதான் கொடுப்பார், பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இருந்தாலும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அந்தக் கிளினிக்கும் போனது. அதைத் திட்டமிட்டது நாங்களா?

அப்புறம் அந்த வசூல். அதைச் சொல்லிச் சிரித்ததுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. பலர் போட்டு ஒருவருக்குக் கொடுப்பதுதானே ஐயா காப்புறுதி? அதைத்தானே நாங்கள் கமிஷன் இல்லாமல் செய்கிறோம்? போன வருஷம் எங்கள் லயத்துப் பையன் லாரியில் அடிபட்டபோது வீட்டுவேலைக்குப் போகிற ஒரு அம்மா 20 வெள்ளி போட்டார். மேடையில் பேசிய உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்தேன், இல்லை.

கடைசியாக ஒன்று. கீழே வந்து "அண்ணே, நம்மகிட்ட மலிவான பிளான் இருக்கு, இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதுகிற ஏஜெண்டுத் தம்பிகளைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் பிளாக் செய்வேன்.