இடைவெளி வேறு, இலாபம் வேறு

திருகோணமலை மீன் விலையையும் கொழும்பு மீன் விலையையும் ஒரே படத்தில் போட்டு, நடுவில் நிற்கும் வியாபாரியைத் திருடன் என்று உங்களில் சிலர் எழுதினீர்கள். அதற்குப் பதிலாக நான் எழுதிய வெள்ளிக்கிழமைப் பதிவையும் அதன் கீழே நடந்ததையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் எழுதியதில் ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து, "கொள்ளைக்குக் கணக்குச் சொல்லும் வாத்தியார்" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார்கள். அந்த வரியை மறுபடியும் எழுதுகிறேன். திருகோணமலையில் ஒரு விலையும் கொழும்பில் ஒரு விலையும் இருப்பதாலேயே நடுவில் நிற்பவர் சும்மா சம்பாதிக்கிறார் என்று ஆகாது. வாங்கவும் விற்கவும் செலவு பிடிக்கிற சந்தையில் இடைவெளி வேறு, இலாபம் வேறு.

மீனை விடுங்கள், கொழும்புப் பங்குச் சந்தையைப் பாருங்கள். ஐந்து கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்குத் தரகும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து 1.12 சதவீதம், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தனித்தனியாக. 100 ரூபாய்ப் பங்கை வாங்குபவர் 101 ரூபாய் 12 சதம் கொடுக்கிறார். விற்பவர் கைக்கு 98 ரூபாய் 88 சதம்தான் வருகிறது. ஒரே பங்கு, ஒரே நேரம். நடுவில் கிடக்கும் 2 ரூபாய் 24 சதத்தை எந்தக் கெட்டிக்காரனாலும் அள்ள முடியாது.

"ஒரு பொருளுக்கு ஒரு விலை என்றுதானே படிப்பித்தீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். படிப்பித்தேன். ஆனால் அதற்கு 1979இல் ஹாரிசன், கிரெப்ஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதிய கணித அடிப்படை, வாங்க விற்கச் செலவே இல்லாத சந்தைக்கு உரியது. 1995இல் ஜுயினி, கல்லால் என்ற இருவர் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் பிரித்து வைத்து, ஆபத்தில்லாமல் இலாபம் பார்க்க முடியாத சந்தையில் விலை எப்படி இருக்கும் என்ற அதே கேள்வியைக் கேட்டார்கள். ஆபத்தில்லாத இலாபம் கிடையாது என்றால், அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே எங்கோ ஒரு மார்ட்டிங்கேல் விலை, அதாவது நிகழ்தகவுகளைத் தக்கபடி மாற்றிக் கணக்கிட்டால் சராசரியாக ஏறவும் இறங்கவும் செய்யாத ஒரு விலை, ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் கண்டது. நடுவே எங்கோ, அவ்வளவுதான். இதுதான் சரியான விலை என்று ஒற்றை எண்ணைக் கணிதம் கையில் தராது.

செலவு சிறியதென்றால் வித்தியாசமும் சிறியது என்று நினைக்க வேண்டாம். அதே 1995இல் சோனர், ஷ்ரீவ், சிவிட்டானிச் மூவரும் காட்டினார்கள்: செலவு எவ்வளவு சிறியதானாலும், கோல் ஒப்ஷன் (ஒரு பங்கை முன்பே பேசிய விலைக்குப் பின்னர் வாங்கும் உரிமை) விற்றவர் எந்த நிலையிலும் நட்டப்படாமல் தன்னைக் காத்துக்கொள்ள, தொடக்கத்திலேயே முழுப் பங்கையும் வாங்கி வைத்திருப்பதைவிட மலிவான வழி இல்லை. செலவில்லாத சந்தையில் ஒப்ஷனுக்கு ஒற்றை விலை சொல்லும் பிளாக்-ஷோல்ஸ் கணக்கின் அழகெல்லாம் அந்தச் சிறு செலவில் கரைந்துவிடுகிறது.

என் அப்பா இதில் எதையும் படித்தவர் அல்லர். யுத்த காலத்தில் கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்கு மீன் லொறி கொண்டுபோனவர். அவருடைய கொப்பியில் ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு நிரல்கள்: "கொடுத்தது", "கைக்கு வந்தது". விலை என்றொரு நிரலே இல்லை. ஒருநாள் சோதனைச் சாவடியில் பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொல்லி, விடியும்வரை மறித்து வைத்தார்கள். ஐஸ் உருகிவிட்டது. சூரையும் பாரையும் கெட்டு, பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. அன்றும் கொழும்பில் மீன் விலை உச்சத்தில் இருந்தது. உங்கள் படத்தில் அந்த இரண்டு விலைகளும் பக்கத்தில் பக்கத்தில் மிக அழகாகத் தெரிந்திருக்கும். அம்மா காப்பை அடகு வைத்தது தெரிந்திருக்காது.

முதலாளிமார் கூடிப் பேசி விலையை அமுக்குவதே இல்லையா என்கிறீர்கள். இருக்கலாம். ஆதாரம் கொண்டுவாருங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன். நீங்கள் கொண்டுவந்தது இரண்டு விலைகளின் படம் ஒன்றுதான். ஐஸ், டீசல், கெட்டுப்போன மீன், தூக்கமில்லாத இரவு எதையும் கழிக்காமல் ஒரு மனிதனைத் திருடன் என்று எழுதினீர்கள். அப்படி நடுவில் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். அதை மறைக்கவில்லை.

என்னை "ஏஜென்ட்" என்றவர்களுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் போட்டவன் என்னிடம் மூன்று வருடம் படித்தவன். சந்தேகம் வந்தால் இரவு பத்து மணிக்கும் "சேர்" என்று கதவைத் தட்டுவான், நானும் திறப்பேன். அப்பாவின் கொப்பி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அவன் வந்தால் முதல் பக்கத்திலிருந்து காட்டுவேன்.