ரிவ்யூ மனு இன்னொரு அப்பீல் அல்ல

தீர்ப்பு சொன்ன கோர்ட்டையே அதை மறுபடி பார்க்கக் கேட்பதுதான் ரிவ்யூ. தீர்ப்பு எதிராக வந்த அன்றே "ரிவ்யூ போடுங்க சார், அதே ஜட்ஜ்கிட்ட இன்னொரு தடவை எடுத்துச் சொல்லிப் பார்ப்போம்" என்று கட்சிக்காரர் கேட்பது சகஜம். கேட்பதில் தப்பில்லை. சரியென்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் வக்கீலைத்தான் கேள்வி கேட்கணும்.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 47 விதி 1 மூன்று காரணங்களைத்தான் ஏற்கிறது. உரிய கவனத்தோடு தேடியும் அப்போது கிடைக்காத புதிய ஆதாரம். ஆவணத்தைப் பார்த்ததுமே தெரிகிற பிழை. "வேறு போதுமான காரணம்". இந்த மூன்றாவதை நம்பி மனு போடுகிறவர்கள் அதிகம். அது முதல் இரண்டோடு ஒத்த காரணமாக இருக்க வேண்டும் என்று சஜ்ஜு ராம் வழக்கில், அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் உச்ச அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் 1922-லேயே சொல்லிவிட்டது.

எது பார்த்ததும் தெரிகிற பிழை? "பிரதிவாதி தரப்பில் யாரும் சாட்சி சொல்லவில்லை" என்று தீர்ப்பில் இருக்கிறது, வழக்குக் கட்டைப் புரட்டினால் பிரதிவாதியின் முதல் விசாரணையும் குறுக்கு விசாரணையும் இருக்கின்றன. இது ரிவ்யூவுக்குப் போகும். "அந்தச் சாட்சியை ஜட்ஜ் நம்பியது தப்பு" என்பது அப்பீலுக்குப் போகும். நீளமாக வாதாடித்தான் காட்ட முடியும் என்றால் அது இந்த வகைப் பிழையே இல்லை என்பது சுப்ரீம் கோர்ட்டின் 1997 பார்சியன் தேவி தீர்ப்பு. டிகிரியில், அதாவது தீர்ப்பின் முடிவைச் சொல்லும் கோர்ட் ஆவணத்தில், சர்வே நம்பர் தப்பாக டைப் ஆகியிருந்தால் ரிவ்யூவே வேண்டாம், எழுத்துப் பிழை திருத்தும் அதே சட்டத்தின் பிரிவு 152 போதும். சுப்ரீம் கோர்ட்டுக்குக் கீழே உள்ள கிரிமினல் கோர்ட்டுக்கு எழுத்துப் பிழை திருத்துவதைத் தாண்டி ரிவ்யூ அதிகாரமே கிடையாது.

பெரிய நஷ்டம் நாள் கணக்கில்தான். ரிவ்யூ நிலுவையில் இருப்பதால் அப்பீல் கெடு நிற்காது. மாவட்ட கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள்; நகல் எடுக்க ஆன நாட்கள் மட்டும் கழியும். ரிவ்யூ தள்ளுபடியானால் அந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் கிடையாது (கட்டளை 47 விதி 7), மூலத் தீர்ப்பைத்தான் எதிர்க்க வேண்டும். அதற்குள் கெடு போயிருக்கும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபம், அதில் ஒரு வருஷம். இரண்டாவது ரிவ்யூவும் கிடையாது (விதி 9).

ரிவ்யூவுக்கென்று வக்கீலை மாற்றுவதும் நடக்கிறது. தமிழ்நாடு மின்வாரியம் எதிர் ராஜு ரெட்டியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைக் கண்டித்தே எழுதியது.

இந்த எல்லைகள் நியாயம்தான். இல்லாவிட்டால் எந்த வழக்கும் முடியாது. என் ஆட்சேபம் சுப்ரீம் கோர்ட்டின் நடைமுறை மேல். 30 நாளுக்குள் மனு, முடிந்தவரை அதே நீதிபதிகள், பெரும்பாலும் வாய்மொழி வாதம் இல்லாமல், நீதிபதிகள் தங்கள் சேம்பரில் மனுவைச் சுற்றுக்கு விட்டுப் படித்து முடிவெடுக்கும் முறை. மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் 2014 முதல் திறந்த கோர்ட்டில் விசாரணை. மற்றவர்களுக்கு வருவது பல சமயம் "மனுவைப் பார்த்தோம், காரணம் இல்லை" என்கிற நாலு வரி.

அப்படி மூடிய கதவுக்குள் பிழையே இருக்காது என்று சொல்ல முடியாது. டெல்லி மெட்ரோ வழக்கில் 2021 தீர்ப்பு மீதான ரிவ்யூ தள்ளுபடியானது. அதே தீர்ப்பை 2024 ஏப்ரலில், ரிவ்யூவும் தோற்ற பிறகு கடைசியாகப் போடும் க்யூரேட்டிவ் மனுவில் சுப்ரீம் கோர்ட்டே ரத்து செய்தது. 2002-ல் ரூபா அசோக் ஹுர்ரா தீர்ப்பு திறந்துவிட்ட வழி அது, மிக அபூர்வமாகத்தான் பலிக்கும். திறந்த விசாரணை எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மனுதாரர் எந்தப் பிழையைக் காட்டினார், அது ஏன் விதிக்குள் வரவில்லை என்று ஒரு பாரா எழுதினால் போதும்.