ஜெபக்குறிப்பில் இல்லாத பெயர்கள்

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஊமையான ஆவி பிடித்த பையனைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்போம். 14ஆம் வசனத்தைத்தான் எல்லாரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். இயேசு மலையிலிருந்து இறங்கி வரும்போது, பையனைக் குணமாக்க முடியாத சீஷர்களோடு வேதபாரகர் தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் தவித்து நிற்கிறான், பக்கத்தில் வாக்குவாதம் நடக்கிறது! "எங்களால் ஏன் முடியவில்லை" என்று சீஷர்கள் பிறகு தனியாகக் கேட்டபோது கிடைத்த பதில், ஜெபம்.

தேய்ந்துவரும் சபைகளில் விசுவாசத்துக்காக வாதாடுகிறவர்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011இல் 59.3 சதவீதம், 2021இல் 46.2. ஆள் குறையக் குறைய சபைக்குள் பயம் வருகிறது. பயந்துபோனவர் கண்ணுக்குக் கேள்வி கேட்கும் வாலிபன்கூட எதிரியாகத் தெரிவான். 1 பேதுரு 3:15 உத்தரவு (அதாவது பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று சொல்லும்போதே "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் சேர்த்துச் சொல்கிறது. உத்தரவைப் படித்துத் தயார்பண்ணலாம். சாந்தத்தை எந்தப் புத்தகத்தில் படிப்பது?

அதற்காகப் படிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. நெகேமியா 4:9இல் எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற இறையியலாளர், தேவன் உண்டு என்பதற்கான தன் புகழ்பெற்ற வாதத்தை தேவனிடமே பேசும் ஜெபமாகத்தான் எழுதினார். இன்று தத்துவ வகுப்புகளில் வாதத்தை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள்.

நடைமுறைக்கு வருவோம். சபையின் ஜெபக்குறிப்பை எடுத்துப் பாருங்கள்: வியாதி, பரீட்சை, வேலை, கட்டட நிதி. சபையை விட்டுப் போனவர் பெயர் இருக்கிறதா? ஐந்து பெயர் போதும், அதற்கு மேல் எழுதினால் வாசிப்பதோடு நின்றுவிடும். பெயருக்குப் பக்கத்தில் அவர் கேட்ட கேள்வியை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். "தேவன் நல்லவர்னா எங்க அம்மா ஏன் அப்படிச் செத்தாங்க" என்பதை "துன்பப் பிரச்சினை" என்று சுருக்கினீர்கள் என்றால், பதிலும் அந்தத் தலைப்புக்குத்தான் போகும், அந்த ஆளுக்குப் போகாது. அந்தக் கேள்வியோடு சங்கீதம் 88ஐ வாசித்து ஜெபியுங்கள். வெளிச்சமே இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. அதை வாசித்த வாயால் அவசர ஆறுதல் சொல்வது கஷ்டம்.

பேசும்போது? ராஜா கேட்ட கேள்விக்கும் தான் சொன்ன பதிலுக்கும் நடுவே நெகேமியா ஜெபித்தான் (2:4). ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு மூச்சில் "இவர் நிஜமாகவே என்ன கேட்கிறார்" என்று யோசிக்கவும் இடம் கிடைக்கிறது.

ஜெபத்தாலேயே காரியம் கெடுவதும் உண்டு. "ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்" என்று கேள்வியை மூடுவது முதல் தப்பு. கேட்டவருக்குப் புரிவது, இவர்களிடம் பதில் இல்லை என்பதுதான். இரண்டாவது இன்னும் மோசம்: கண்ணை மூடிக்கொண்டு "ஆண்டவரே, வழிதவறின இந்தத் தம்பிக்கு உணர்த்தும்" என்று அவர் காதுபடவே பிரசங்கிப்பது. அதை ஜெபம் என்று யாராவது நம்புவார்களா? அவர் அனுமதி கேட்டு, இரண்டு நிமிடத்தில், அவர் கேள்வியை அப்படியே தேவனிடம் சொல்லி முடியுங்கள். "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்று ஆரம்பித்தால் அதோடு உரையாடல் முடிந்தது.

ஒரு சின்ன விஷயம். மாற்கு 9:29இல் வரும் "உபவாசத்தினாலும்" என்ற சொல் சினாய், வத்திக்கான் என்று அழைக்கப்படும் பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளில் முதலில் எழுதப்பட்டபோது இல்லை. யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சத்தியத்தின் தேவனிடம் ஜெபித்துவிட்டு வந்து உண்மையை மழுப்புவது எப்படிப் பொருந்தும்?

பேசி முடித்த அன்றே திரும்ப ஜெபியுங்கள். வாதம் ஜெயித்ததா என்பதை விட்டுவிட்டு, நாம் எங்கே குரலை உயர்த்தினோம் என்று கேட்டு ஜெபியுங்கள். தேவைப்பட்டால் அடுத்த நாளே மன்னிப்புக் கேளுங்கள். அவர் திரும்பி வரவில்லையென்றால் பெயரை அடிக்க வேண்டாம். சில மாதம் கழித்து ஒரு போன் போட்டு, பழைய வாதத்தை இழுக்காமல், நலம் மட்டும் விசாரித்துவிட்டு வையுங்கள்.