ப்ளூ ஜேஸ் 2026: ஆறாவது இன்னிங்ஸை யார் போடுவது?

ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான ப்ளூ ஜேஸ் எடுக்கப் பார்த்த கைல் டக்கர் டொட்ஜர்ஸுக்குப் போனதும், நம்மிடமிருந்த போ பிஷெட் மெட்ஸுக்குப் போனதும் சேர்ந்து, ரொறன்ரோ ரசிகர்களில் பாதிப் பேர் சீசன் தொடங்கும் முன்னமே கையை விரித்துவிட்டார்கள். மற்றப் பாதி, "போன வருசம் உலகத் தொடரை இரண்டே இரண்டு அவுட்டில் விட்டது, இந்த வருசம் எடுத்தே தீருவோம்" என்று துள்ளுகிறது. இரண்டு தரப்பும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் என் கருத்து. அடிக்கிற ஆள் ஒருவர் குறைவதை இந்த அணி எப்படியோ சமாளித்துவிடும். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து போடும் ஸ்டார்ட்டிங் பிட்சர்கள், ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதோடு இறங்கத் தொடங்கினால்தான் ஓகஸ்டில் எல்லாம் கழன்று விழும்.

டொட்ஜர்ஸோடு ஆடிய அந்த உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டத்தையே எடுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் நம் ஹொஃப்மனின் ஸ்லைடர் (வளைந்து இறங்கும் பந்து) ஒன்று இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் நின்றது, டொட்ஜர்ஸின் மிகேல் ரொஹாஸ் அதை வேலிக்கு மேலால் அனுப்பினார். எல்லாருக்கும் நினைவிருப்பது அது ஒன்றுதான். ஆனால் அந்த இரவு டொட்ஜர்ஸ் மூன்று ஹோம் ரன் அடித்தார்கள். எட்டாவதில் மன்சி யெசாவேஜிடம், ஒன்பதாவதில் ரொஹாஸ் ஹொஃப்மனிடம், பதினோராவதில் ஸ்மித் பீபரிடம். இதில் யெசாவேஜும் பீபரும் ரிலீவர்களே (நடுவில் வந்து போடுகிறவர்கள்) இல்லை, ஸ்டார்ட்டர்கள். அன்று தொடங்கிய ஷெர்சர் நன்றாகத்தான் போட்டார், ஆனால் 13 அவுட் (ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று) எடுத்ததும் இறங்கிவிட்டார். பிறகு மிச்சமிருந்த 20 அவுட்டுக்கு ஆள் தேடித் தேடி ஏற்ற வேண்டி வந்தது. ரிலீவர் வார்லண்ட் அந்த பிளேஓஃப்ஸில் (சீசனுக்குப் பிந்திய சுற்றுகளில்) 15 ஆட்டங்களில் இறங்கினார், அது ஒரு சாதனை. ஒரு பிட்சரின் கைக்கு அது நல்லதல்ல.

அதே ஒன்பதாவதில் வெற்றி ரன்னுக்கு ஓடி ஹோமில் அவுட்டான கைனர்-ஃபலேஃபாவை இன்னும் திட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாவது பேஸை விட்டு அவர் தள்ளி நிற்காததற்குக் காரணம் இருந்தது. பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது மூன்றாவது பேஸைக் காக்கும் மன்சி பக்கம் நேராக ஒரு பந்து பறந்தால், தள்ளி நிற்கிறவர் திரும்பி வர முடியாமல் அவுட். முதல் நாள் இரவுதான் பார்ஜர் இரண்டாவது பேஸில் அப்படி அகப்பட்டு ஆட்டமே முடிந்தது. விடுங்கள்.

கணக்குக்கு வருவோம். ஒரு அணிக்கு 162 ஆட்டம். ஸ்டார்ட்டர் ஒவ்வொரு ஆட்டத்திலும் அரை இன்னிங்ஸ் கூடப் போட்டால், அதாவது ஐந்தேகாலுக்குப் பதிலாக ஐந்தே முக்கால் போட்டால், வருசம் முழுக்க 81 இன்னிங்ஸ் மிச்சம். நல்ல ரிலீவர் ஒருவர் ஒரு சீசனில் போடுவதே 65, 70 இன்னிங்ஸ்தான். அந்த அரை இன்னிங்ஸ் ஒரு முழு ரிலீவரை இலவசமாகத் தருகிறது. மாறி அரை இன்னிங்ஸ் குறைந்தால், நம் கீழ் மட்ட அணி இருக்கும் பஃபலோவிலிருந்து வாரத்துக்கு ஒருவரை ஏற்றி இறக்க வேண்டி வரும். 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, கீழே அனுப்பிய பிட்சரைக் காயப் பட்டியலில் யாராவது போகாவிட்டால் 15 நாளுக்கு முன் திருப்பி எடுக்கவும் முடியாது. ஆகவே அதற்கும் ஒரு எல்லை உண்டு.

இந்தக் கண்ணோடு, புதிதாக எடுத்த பிட்சர் டிலன் சீஸைப் பாருங்கள். ஏழு வருசம், 210 மில்லியன் டொலர். ஐந்து வருசமாகத் தொடர்ந்து 32 அல்லது 33 ஆட்டம் தொடங்கியிருக்கிறார், ஐந்து வருசமும் 200க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது). காயம் வராத பிட்சர் என்பது இன்றைக்குத் தங்கம். ஆனால் 2025இல் சான் டியேகோவில் அவர் 32 ஆட்டத்தில் போட்டது 168 இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஐந்தேகால்தான். ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில் விழும் ரன், குறைந்தால் நல்லது) 4.55. ஏன் அப்படி? இரண்டு காரணம். ஒன்று, வாக் (நாலு தவறான பந்தில் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) அதிகம், 71 கொடுத்தார். ஒவ்வொரு வாக்கும் ஐந்து ஆறு பந்தை விழுங்கும், ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் எண்ணிக்கை 95ஐத் தொட்டுவிடும். இரண்டு, அவர் பெரும்பாலும் ஃபாஸ்ட்போலும் ஸ்லைடரும்தான் போடுகிறார். அதே ஒன்பது பேர் மூன்றாவது முறை அடிக்க வரும்போது இரண்டையும் படித்து முடித்திருப்பார்கள். பிட்சிங் கோச் பீட் வோக்கர் அவரிடம் எடுக்க வேண்டியது புதுப் பந்து அல்ல, முதல் பந்தில் ஸ்ட்ரைக். வாக் 71இலிருந்து 55க்கு இறங்கினாலே நான் திருப்தி.

கோஸ்மன்தான் இந்த அணியின் தூண். ரொறன்ரோவுக்கு வந்த நாலு வருசமும் 31 ஆட்டத்துக்குக் குறையவில்லை, போன வருசம் 193 இன்னிங்ஸ். ஆனால் வயது 35, ஒப்பந்தத்தின் கடைசி வருசம். ஸ்பிளிட்டர் (விரல்களை விரித்துப் பிடித்துப் போடும் பந்து) போடுகிறவரின் முன்னங்கை எப்போது முறுக்கும் என்று சொல்ல முடியாது. பீபர் முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்னும் ஒரு முழு சீசன் ஆடவில்லை, அவரிடம் 130 இன்னிங்ஸுக்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் பேராசைக்காரர்கள். கோடி பொன்சே கொரியாவில் 17 வெற்றி, 1 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 1.89, 252 ஸ்ட்ரைக் அவுட் என்று கலக்கிவிட்டு வருகிறார். அங்கே வேலை செய்தது இங்கே வேலை செய்யுமா என்பது மே மாதத்தில்தான் தெரியும்.

யெசாவேஜ் விசயத்தில்தான் ரசிகர்களுக்குப் பொறுமை வேண்டும். போன ஏப்ரலில் டனிடினில் ஆகக் கீழ் மட்டங்களில் ஒன்றில் தொடங்கியவர், செப்டம்பரில் மேலே வந்து, உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 140 இன்னிங்ஸ். வழக்கமாக அடுத்த வருசம் 20, 30 இன்னிங்ஸ்தான் கூட்டுவார்கள். அப்படியென்றால் 170க்குள் நிற்க வேண்டும், பிளேஓஃப்ஸுக்கும் அதில் மிச்சம் வைக்க வேண்டும். ஜூனில் அவருக்கு ஒரு முறை தவறவிட்டு ஓய்வு கொடுத்தால், மனேஜர் ஷ்னைடருக்குப் பைத்தியமா என்று கேட்காதீர்கள். அதுதான் சரியான வேலை.

புல்பென்னில், அதாவது ரிலீவர் கூட்டத்தில், டைலர் ரொஜர்ஸை எடுத்தது இந்தக் குளிர்காலத்தின் சத்தமில்லாத நல்ல வேலை. கை தரையைத் தடவுகிறதோ என்று நினைக்கும் அளவுக்குக் கீழிருந்து, மணிக்கு 83 மைல் வேகத்தில் சிங்கர் (கீழே இறங்கும் பந்து) போடுகிறவர். அடித்தால் பந்து உருளும், பறக்காது. ஹொஃப்மன் போன வருசம் 68 இன்னிங்ஸில் 15 ஹோம் ரன் கொடுத்தவர் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த மருந்து ஏன் என்று விளங்கும். பேஸில் ஆள் நிற்கும்போது ரொஜர்ஸ், வெறும் பேஸோடு ஒன்பதாவது தொடங்கினால் ஹொஃப்மன், என்று ஷ்னைடர் பிரித்துக் கொண்டால் நல்லது.

உருளும் பந்தைப் பிடிக்க ஆள் வேண்டுமே. பிஷெட் போனதை நான் பேரிழப்பாக நினைக்காததற்குக் காரணம் இதுதான். .311 (ஆயிரத்துக்கு 311 ஹிட்) சராசரியில் அடித்தார், 94 ரன் கொண்டுவந்தார், ஏழாவது ஆட்டத்தில் ஒற்றைக் காலோடு ஒட்டானியை அடித்த ஹோம் ரன் மறக்காது. ஆனால் ஷோர்ட்ஸ்டொப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில்) அவர் இரண்டு பக்கமும் எட்டிப் பிடிக்கும் தூரம் குறைவு. அந்த இடத்துக்கு வருகிற ஹிமெனெஸ் இரண்டாவது பேஸில் மூன்று கோல்ட் குளோவ் (சிறந்த களத்தடுப்பு விருது) எடுத்தவர், அவர் விட்டுப்போகும் இடத்துக்கு கிளெமென்ட். பிஷெட்டைத் தாண்டிப் போன பந்து இப்போது அவுட் ஆகும், பிட்சர் ஐந்து பந்து குறைவாகப் போடுவார், ஆறாவது இன்னிங்ஸுக்கும் வருவார். கவலை ஹிமெனெஸின் பேட்தான். போன வருசம் .210. அவர் .240 அடித்தால் போதும், ஒன்பதாவது ஆளாகவே நிற்கட்டும்.

மூன்றாவது பேஸில் ஒகமோட்டோ. யோமியூரி ஜயன்ட்ஸுக்கு 248 ஹோம் ரன் அடித்தவர். ஜப்பானில் பார்த்ததைவிட இங்கே ஃபாஸ்ட்போல் சராசரியாக இரண்டு மூன்று மைல் வேகம் கூட. ஏப்ரல் முழுக்க அவருக்கு 96 மைலில் உள்பக்கம், நெஞ்சுயரத்தில்தான் போடுவார்கள். திணறுவார். மே கடைசி வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஸ்பிரிங்கர் .309, 32 ஹோம் ரன் என்று மறுபடி அடிப்பாரா? இல்லை. 2024இல் .220 அடித்தவர், செப்டம்பரில் 37 வயது. .260, 22 ஹோம் ரன் என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இந்த வருசம் புதிதாக வருவது, பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற அம்பயரின் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் முறை. ஒரு அணிக்கு இரண்டு வாய்ப்பு, கேட்டது சரியென்றால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே உடனே தலையைத் தட்டிக் கேட்கலாம், டக்அவுட்டிலிருந்து சைகை காட்டக்கூடாது. ஸ்ட்ரைக் வலயத்தின் மேல் எல்லை ஆளின் உயரத்தில் 53.5 வீதம், கீழ் எல்லை 27 வீதம். 5 அடி 8 அங்குல நம் கேட்சர் கேர்க்குக்கு அது 18 அங்குல உயரப் பெட்டி, 6 அடி 7 அங்குல ஆரன் ஜட்ஜுக்கு 21 அங்குலம். பந்தைக் களவாக உள்ளே இழுத்துக் காட்டும் கேர்க்கின் கைவேலைக்கு மதிப்புக் கொஞ்சம் குறையும். ஆனால் வலயத்தை அவரளவு தெரிந்தவர்கள் குறைவு. பிட்சர்களைக் கேட்கவே விடாமல் அவரிடமே விடுவதுதான் புத்தி. பிட்சருக்குத் தான் போடும் எல்லாம் ஸ்ட்ரைக்தான்.

எத்தனை வெற்றி? போன வருசம் 94-68. யாங்கீஸுக்கும் அதே 94, நேருக்கு நேர் 8-5 என்றதால்தான் பிரிவுப் பட்டம் நமக்கு வந்தது. அடித்த ரன் 798, விட்ட ரன் 721. இந்த வித்தியாசத்துக்கு வழக்கமாக 88, 89 வெற்றிதான் வரும், மிச்சம் அதிர்ஷ்டம். ஆகவே 94ஐ அடித்தளமாக வைத்து அதற்கு மேல் கட்டாதீர்கள். என் எண்ணிக்கை 90, வைல்ட் கார்ட் (பிரிவை வெல்லாமல் பிளேஓஃப்ஸுக்குப் போகும் வழி). ஸ்டார்ட்டர்கள் சராசரியாக ஐந்தே முக்கால் போட்டால் 94, பிரிவும் கிடைக்கும். கோஸ்மனோ சீஸோ இரண்டு மாதம் காயத்தில் உட்கார்ந்தால் 83, அப்போது டக்கர் இருந்திருந்தாலும் 85தான்.

மார்ச் கடைசியில் அத்லெட்டிக்ஸோடு தொடங்கும்போது எத்தனை ரன் அடித்தார்கள் என்று பார்க்காமல், ஸ்டார்ட்டர் இறங்கும்போது எத்தனை அவுட் என்று குறித்து வையுங்கள். மே நடுவில் அந்தச் சராசரி 17க்கு மேல் இருந்தால் ஒக்டோபருக்கு லீவு கேட்டு வைக்கலாம்.