அந்தத் தீவை விட்டால் இதற்கு வேறு இடமில்லை

நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைக்கு நன்றி. அதில் ஆடுகளால் வந்த கேட்டையும் சேர்த்திருக்கலாம். காவல் முகாமுக்காக அந்தமானின் நார்கொண்டம் தீவுக்குக் கொண்டுபோன ஆடுகள் பெருகி, இளம் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. அப்புறம் அவற்றைப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. தீவு மொத்தமே 7 சதுர கிலோமீட்டர்கூட வராது. உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை.

முட்டையிடும் காலத்தில் பெட்டை பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீறல் மட்டும் மிஞ்சும். செம்பழுப்புத் தலையுள்ள ஆண் அத்திப்பழங்களை விழுங்கி வந்து, ஒவ்வொன்றாக அதன் வழியே ஊட்டும். ஆண் வராத நாள் உள்ளே பட்டினிதான்.

2012-ல் இந்தத் தீவில் ரேடார் அமைக்கும் கடலோரக் காவல்படையின் திட்டத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிராகரித்தபோது நிம்மதியாக இருந்தது, 2014-ல் அனுமதித்துவிட்டார்கள். நாட்டுப் பாதுகாப்பு தேவைதான், சரி. ஆனால் பழமரங்களையும் பொந்துள்ள முதுமரங்களையும் தொடாதீர்கள்.