பேச்சை எழுதுமுன் ஒரு தடவை அந்த மண்டபத்துக்குப் போய்வாருங்கள்

போன வாரம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நண்பர் அழைத்தார். நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எந்தத் தலைப்பில் பேசினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார். தலைப்பு இருக்கட்டும், முன்வரிசையில் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தீர்களா என்றேன். விசாரிக்கவில்லை. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். சரி, இப்போதே எழுதிவிடுகிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கம். கல்யாணமாகி டர்பனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வந்த இரண்டாம் வருடமே நவம்பர் 16-க்குப் பேசச் சொன்னார்கள். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு இங்கே வந்து சேர்ந்த நாள் அது. அதன் பிறகு 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பில் தொடங்கி, சங்கப் பாடலில் வரும் கப்பல்கள், திரைகடல் ஓடியும் திரவியம் தேடு, எல்லாம் வைத்திருந்தேன். நல்ல செந்தமிழில் 40 நிமிடம் பேசினேன். பக்கத்துக் கூடத்தில் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், வாசனை வருகிறது, காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தட்டினார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

கீழே இறங்கியதும் ஒரு ஆயா வந்தார். பாட்டியை இங்கே ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு நகல். கப்பலில் வந்தவர்களைப் பதிவு செய்த கப்பல் பட்டியலின் ஒரு வரி அது. காலனியல் நம்பர் (வந்த ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த பதிவு எண்), பெயர், அப்பா பெயர், வயது 22, அப்புறம் ஜில்லா, தாலுகா, கிராமம். பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாகக் கேட்டார்: "கண்ணு, நீ இந்தியாவிலேருந்து வந்த பொண்ணு. எங்க தாத்தா ஊரு இதுல இருக்கு. எங்கே இருக்குன்னு சொல்லுவியா?"

ஜில்லா வட ஆற்காடு. தாலுகா போளூர். கிராமத்தின் பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி சாய்வெழுத்தில் எழுதியிருந்தார். இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்ததும் பிடிபட்டது, கலசபாக்கம். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். திருவண்ணாமலைக்கு வடக்கே, செய்யாற்றங்கரை. ஆயா அந்த ஆற்றின் கோட்டைத் தன் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இப்போதும் தண்ணீர் ஓடுமா என்று கேட்டார். மழைக்காலத்தில் ஓடும் என்றேன். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த 40 நிமிடமும் அவர் மடியில் அந்த உறை இருந்திருக்கிறது. நான் கடாரத்தில் இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. அந்தக் கூட்டத்தில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அவர்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். அதைக் கொடுக்காமல் வேறு எதையோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வருடம் கூப்பிட்டபோது தலைப்பு எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் சமையல்கட்டுக்குப் போய் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினேன். நறுக்கிக்கொண்டே கேட்டேன், அந்த நாளில் உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று. அரை மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. பேரப் பிள்ளைகள் "நாம் எந்த ஊர்" என்று பள்ளிப் பாடத்துக்காகக் கேட்கிறார்கள், சொல்லத் தெரியவில்லை. தாத்தாவின் பெயர் தெரியும், காலனியல் நம்பர் தெரியாது. எங்கே போய்த் தேடுவது என்றும் தெரியாது. ஒரு அம்மா இன்னொன்றும் சொன்னார்: "சாப்பாட்டுக்கு முன்னால பேசினா சின்னதா பேசு, சுகர் இருக்கறவங்க நிறையப் பேர்." இதை எந்த மேடைப்பேச்சுப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த முறை 15 நிமிடம்தான் பேசினேன். ஆங்கிலத்தில் பேசி, ஊர்ப் பெயர்களையும் உறவுச் சொற்களையும் மட்டும் தமிழில் சொன்னேன். ஒரு கப்பல் பட்டியலின் ஒரே ஒரு வரியைத் திரையில் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று காட்டினேன். வீட்டில் பெரியவர்களின் பழைய பிறப்பு, கல்யாணம், இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் காலனியல் நம்பர் இருக்க வாய்ப்பு உண்டு, அது கிடைத்துவிட்டால் டர்பன் ஆவணக் காப்பகத்தில் தேடுவது எளிது என்றேன். பட்டியலில் டிரிச்சினோபாலி என்றால் திருச்சிராப்பள்ளி, சிங்கில்புட் என்றால் செங்கல்பட்டு, டாஞ்சூர் என்றால் தஞ்சாவூர். முதலியார் இங்கே மூட்லி ஆன கதையைச் சொன்னபோது பின்வரிசையில் போனில் விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்தார்கள். அப்புறம் அதே போனில் ஊர் தேடினார்கள்.

இதே நேட்டால் மண்ணில் 1913-இல் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து 11 பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, எல்லையைத் தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். காந்தியின் போராட்டத் தோழர், மொரீஷியஸில் பிறந்த தம்பி நாயுடுவும் கூட இருந்தார். சுரங்கத் தொழிலாளிகளிடம் அவர்கள் எடுத்துச் சொன்ன விஷயம் 3 பவுண்டு வரி. ஒப்பந்தம் முடிந்து, மறு ஒப்பந்தம் போடாமல் இங்கேயே இருக்கிறவர்கள் வருடா வருடம் கட்ட வேண்டிய தலைவரி அது. ஒப்பந்தத்தின் முதல் வருடத்தில் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். அந்தக் கணக்கில் ஆறு மாதக் கூலி! அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, ராத்திரி தூங்கவிடாமல் செய்ததே அதுதான். சுரங்கங்களில் வேலை நின்றது, ஆயிரக்கணக்கானோர் காந்தியின் பின்னால் நடந்தார்கள், 1914-இல் வரி ஒழிந்தது. சத்தியாக்கிரகத் தத்துவத்தை மட்டும் அந்தப் பெண்கள் அங்கே போய் விளக்கியிருந்தால் இவ்வளவு பேர் கடப்பாரையைக் கீழே வைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும், தெரியும். மேடையிலும் தமிழை விட்டுவிட்டால் இந்த நாட்டில் தமிழ் எங்கே வாழும் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்திலேயே, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. தமிழ் வளர வேண்டும் என்பதில் எனக்கு யாரோடும் சண்டை இல்லை, என் சனிக்கிழமைகள் எல்லாம் அதற்குத்தான் போகின்றன. ஆனால் ஒரு பத்து வயதுப் பிள்ளையை அரை மணி நேரம் ஒரு சொல்லும் புரியாமல் உட்கார வைத்தால், தமிழ் தனக்கு இல்லை என்று அது முடிவு செய்துவிடும். அப்படி முடிவு செய்த பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன், திரும்ப இழுத்து வர எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது! அதே பிள்ளை தன் பாட்டனின் ஊர்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டால் அடுத்த எழுத்தைத் தானாகவே கேட்கும்.

கூப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சாளருக்குச் சால்வை வாங்குவதற்கு முன்னால், வருகிறவர்களில் எத்தனை பேர் முதியவர்கள், எத்தனை பேருக்குத் தமிழ் புரியும், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அது போதும்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். தொலைவில் இருப்பவர் முன்கூட்டியே வந்து பூசணிக்காய் நறுக்க முடியாது. அதனால் கோயில் வாட்ஸ்அப் குழுவில், வீட்டில் கப்பல் பட்டியல் நகல் இருப்பவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள் என்று நானே போட்டேன். நேற்று ராத்திரி வரை ஒன்பது வந்திருக்கின்றன. அதில் நான்கு வட ஆற்காடு ஜில்லா. நண்பர் வேலூர்க்காரர். சோழர் கடற்படை பற்றி எழுதி வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, பழைய தாலுகா வரைபடத்தோடு அந்த நான்கு கிராமங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு கிடைத்துவிட்டன.