ஹெபடைடிஸ் சி: ஆன்டிபாடி பாசிட்டிவ்னா மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தமில்ல

லிவரைத் தாக்குற வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி பத்தி, "மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டும் ரிப்போர்ட் பாசிட்டிவ், இங்கிலீஷ் மருந்து ஏமாத்து, கீழாநெல்லிக்கு வாங்க"ன்னு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் சுத்துது. தப்புங்க, தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க.

அந்த மெசேஜோட வர்ற ரிப்போர்ட் போட்டோவை பெருசாக்கிப் பாருங்க, அதுல இருக்கறது 'ஆன்டி ஹெச்.சி.வி: ரியாக்டிவ்' (ஹெச்.சி.வின்னா ஹெபடைடிஸ் சி வைரஸ், ரியாக்டிவ்னா பாசிட்டிவ்). அது வைரஸ் இல்ல, வைரஸை எதிர்க்க நம்ம உடம்பு உண்டாக்குன ஆன்டிபாடி. திருடன் ஓடிப்போன பிறகும் ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர் இருக்குமே, அந்த மாதிரி. வைரஸ் போனதும் ஆன்டிபாடி அளவு மெல்ல குறையலாம், ஆனா பெரும்பாலானவங்களுக்கு வருஷக்கணக்கா, சிலருக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாவே காட்டும்.

குணமாச்சான்னு பாக்க வேண்டியது, ரத்தத்துல வைரஸே இருக்கான்னு தேடுற ஹெச்.சி.வி ஆர்.என்.ஏ டெஸ்ட். மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு எடுத்து அதுல வைரஸ் இல்லன்னு வந்தா குணம்தான், சோஃபோஸ்புவிர் சேர்ந்த இப்போதைய மருந்துகள்ல 100 பேர்ல 90க்கும் மேல அப்படி குணமாகுறாங்க. 2018ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டு திட்டத்துல இந்த டெஸ்டும் மாத்திரையும் இலவசம்.

இன்னொன்னு, ஆன்டிபாடி இருக்கு இனிமே வராதுன்னும் நம்பாதீங்க, அது காப்பாத்தாது, அடுத்தவங்க ஊசி, பிளேடு மூலமா மறுபடி தொத்தலாம். லிவர் ஏற்கனவே சிரோசிஸ் (தழும்பேறி கெட்டியாகுறது) ஆயிருந்தா குணமானாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாக்கணும்.

ஹெபடைடிஸ் பி வேற வைரஸ், அதோட கதையே வேற, அதுக்கு டாக்டர் சொல்லாம மாத்திரையை நிறுத்திடாதீங்க.